பள்ளிக்கு பஸ் விடப் போகிறீர்களா? நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள்

கேட்டவர் திருச்செங்கோடு பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர். இதுவரை பெற்றோரே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு, கூட்டிப் போனார்கள். வரும் ஜூனிலிருந்து பஸ் வேண்டும் என்று 180 பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வண்டியைச் சொந்தமாக வாங்குவதா, காண்ட்ராக்ட் விடுவதா, எத்தனை வண்டி தேவைப்படும், கட்டணம் எவ்வளவு வைப்பது என்று கேட்டிருக்கிறார். கொங்குப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடம் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் கேள்விகள் எல்லாம் வண்டியைப் பற்றியே இருக்கின்றன. பெரும்பாலான பள்ளிகள் அங்கேதான் தொடங்குகின்றன. கரூருக்குப் போய் பாடி கட்டும் இடத்தைப் பார்ப்பார்கள், அசோக் லேலண்டா டாடாவா ஐஷரா என்று விலை கேட்பார்கள், வாங்கி நிறுத்திவிட்டு அதற்கு ரூட் தேடுவார்கள். நான் சொல்வது தலைகீழான வரிசை. உங்கள் பள்ளியில் பஸ்ஸில் வரப்போகும் மிகச் சின்னப் பிள்ளை, அந்த எல்.கே.ஜி. குழந்தை, சாயங்காலம் எந்த இடத்தில் இறங்கும், இறங்கியதும் யார் கையைப் பிடிக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எத்தனை வண்டி, எந்த சைஸ், என்ன கட்டணம் என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

ஏப்ரல் கடைசிக்குள் ஒரு படிவம் கொடுத்து வாங்குங்கள். முகவரி மட்டும் போதாது. நம் பக்கத்தில் பாதிப் பேர் ஊருக்குள் இல்லை, காட்டு வீட்டில் இருக்கிறார்கள். "மல்லசமுத்திரம்" என்று எழுதியிருக்கும். வீடு மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதையில் தோட்டத்துக்குள் இருக்கும். அதனால் வீட்டின் லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் பஸ் வேண்டுமா என்று கேளுங்கள். காலையில் அப்பா வேலைக்குப் போகும்போது விட்டுவிடுவார், சாயங்காலம் மட்டும் பஸ் போதும் என்ற வீடுகள் நிறைய உண்டு. கூடப் பிறந்தவர்கள் யார், சாயங்காலம் கூட்டிப் போக வருபவர் யார், அவருடைய போன் நம்பர் என்ன, அவர் வர முடியாவிட்டால் வேறு யார் என்பதும் அதே படிவத்தில் வேண்டும். இந்தக் கடைசி விவரத்தை வாங்காமல் விட்டுவிட்டு, ஜூனில் அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு போன் போட்டுத் தேடுகிற பள்ளிகள் அதிகம்.

விவரம் வந்ததும் எல்லா வீட்டையும் ஒரு மேப்பில் புள்ளி வையுங்கள். 180 புள்ளியையும் ஒரே பார்வையில் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ராசிபுரம் ரோட்டில் வையப்பமலை வரை ஒரு கொத்து, நாமக்கல் பக்கம் ஒரு கொத்து, சங்ககிரி ரோட்டில் ஒரு கொத்து, டவுனுக்குள்ளேயே ஒரு பெரிய கொத்து என்று பிரிந்து தெரியும். எந்தக் கொத்திலும் சேராமல் தனியாக நான்கைந்து வீடுகள் நிற்கும். அந்தப் பெற்றோரிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஒரு பிள்ளைக்காக பஸ் 7 கிலோமீட்டர் சுற்றினால், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும் 30 பிள்ளைகளும் தினமும் அந்த 7 கிலோமீட்டர் சேர்ந்து சுற்றுகிறார்கள்.

அப்புறம் நிறுத்தம். ஒவ்வொரு பெற்றோரும் வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள், அது இயல்பு. அவர்களிடம் நேரக் கணக்கைச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, பிள்ளையை ஏற்றி, உட்கார வைத்து மறுபடி கிளம்ப ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றரை நிமிடமாவது ஆகும். 40 பிள்ளைகளுக்கு 40 நிறுத்தம் என்றால் நிற்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். 14 நிறுத்தம் என்றால் 21 நிமிடம். கடைசி நிறுத்தத்தில் ஏறும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது; முதல் நிறுத்தத்தில் ஏறும் பிள்ளை அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். எந்தப் பிள்ளையும் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்கக் கூடாது என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்காத ரூட்டை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும்.

நிறுத்தத்தை மேப்பில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பைக் எடுத்துக்கொண்டு காலை ஏழரைக்கு நேரில் போங்கள். வண்டி முழுதாகத் தார் ரோட்டை விட்டு இறங்கி நிற்க இடம் இருக்கிறதா? வளைவு முடிந்த உடனே இருக்கிறதா? அப்படியென்றால் பின்னால் வரும் லாரிக்கு பஸ் நிற்பது தெரியாது. பிள்ளைகள் நிற்கும் இடத்தில் மூடாத சாக்கடையோ, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியோ, திறந்த கிணறோ இருக்கிறதா? மழை பெய்தால் ஒதுங்க ஒரு கடை, ஒரு நிழற்குடை, ஒரு கோயில் திண்ணையாவது இருக்கிறதா? பொதுவாக நம் ஊர் "பிரிவு"கள், அதாவது மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் பாதை பிரியும் இடங்கள், வசதியாக இருக்கும். டீக்கடை இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். ஆனால் டாஸ்மாக் இருக்கும் பிரிவில் சாயங்கால நிறுத்தம் வைக்காதீர்கள், 200 மீட்டர் தள்ளி வையுங்கள்.

இந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல் சொல்லப் போவதுதான். பிள்ளைகள் ரோட்டைக் கடக்கவே கூடாது. காலையில் பஸ் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் பிள்ளையின் வீடு இருக்க வேண்டும், சாயங்காலமும் அப்படியே. இது எப்படி முடியும், சாயங்காலம் வண்டி எதிர்த் திசையில்தானே போகும் என்று கேட்பீர்கள். ஒரே ரோட்டில் போய் அதே ரோட்டில் திரும்பினால் அப்படித்தான். அதனால்தான் முடிந்த இடத்திலெல்லாம் ரூட்டை வளையமாக அமையுங்கள் என்கிறேன். ஒரு ரோட்டில் வெளியே போய், குறுக்குச் சாலை ஒன்றைப் பிடித்து, வேறு ரோட்டில் பள்ளிக்கு வர வேண்டும். சாயங்காலமும் அந்த வளையத்தை அதே திசையில் ஓட்டுங்கள். அப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு வேளையும் வண்டி ஒரே பக்கம் நிற்கும். காலையில் முதலில் ஏறிய பிள்ளை சாயங்காலம் முதலில் இறங்கிவிடும், ஆக ஒருவருக்கே இரண்டு வேளையும் நீண்ட பயணம் என்று ஆகாது. இன்னொரு முறையில், அதாவது காலை வந்த வழியையே சாயங்காலம் தலைகீழாக ஓட்டினால், வையப்பமலைக் குழந்தை காலையில் முதலில் ஏறி, சாயங்காலம் கடைசியாக இறங்கும். வருடம் முழுக்க அந்தக் குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்டனை.

வளையம் போட முடியாத இடங்கள் இருக்கும். அங்கே இரண்டு வழி. ஒன்று, வண்டி ஊருக்குள் போய்த் திரும்பி வந்து சரியான பக்கத்தில் நிற்பது. மூன்று நிமிடம் கூடுதலானாலும் பரவாயில்லை. இரண்டு, பஸ்ஸில் வரும் ஆயா இறங்கி, பிள்ளையைக் கைபிடித்து ரோட்டைக் கடக்க வைத்து, வந்திருக்கும் பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது. சேலம்–கோவை, சேலம்–கரூர் தேசிய நெடுஞ்சாலைகளில் இரண்டாவது வழி கூடவே கூடாது. அங்கே நிறுத்தமே சர்வீஸ் ரோட்டில்தான் இருக்க வேண்டும்.

லெவல் கிராசிங் உள்ள ரூட்டைத் தவிருங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் இறந்தார்கள். அது ஆளில்லாத கேட் இல்லை, கேட்கீப்பர் இருந்த கேட். ஆளில்லாத கிராசிங்கில் வண்டியை நிறுத்தி, உடன் வரும் உதவியாளர் இறங்கி நடந்துபோய் இரு பக்கமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. கேட் இருந்து, அது திறந்தே இருந்தாலும், உங்கள் வண்டிகள் எல்லா கிராசிங்கிலும் இதைச் செய்யட்டும். சுரங்கப்பாதையோ மேம்பாலமோ பக்கத்தில் இருந்தால் சுற்றானாலும் அந்த வழியில் போகட்டும். மழைக்காலத்தில் மட்டும் சுரங்கப்பாதை, தரைப்பாலம் இரண்டுக்கும் மாற்று வழியை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் இறங்கலாமா வேண்டாமா என்ற முடிவை டிரைவரிடம் விடக் கூடாது. இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி வண்டிக்கு வருவோம். 180-ஐ 40-ஆல் வகுத்து ஐந்து பஸ் என்று வாங்கிவிடாதீர்கள். கொத்துகளைப் பாருங்கள். டவுனுக்குள் 40 பிள்ளைகள் இருந்து, சந்துகள் குறுகலாக இருந்தால் அங்கே 40 சீட் பஸ் நுழையாது. 20, 25 சீட் உள்ள சின்ன வண்டி ஒன்று இரண்டு நடை அடிக்கலாம். ஆனால் இரண்டு நடை என்றால் முதல் நடையில் வந்த பிள்ளைகள் முக்கால் மணி நேரம் முன்னதாகவே பள்ளியில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆசிரியர்கள் வேண்டும், அவர்களுக்கு அதற்கான ஊதியமும் வேண்டும். அந்தச் செலவையும் போக்குவரத்துக் கணக்கில்தான் எழுத வேண்டும். தூரத்து ரூட்டுகளுக்கு இரண்டு நடை வேண்டவே வேண்டாம், அவசரத்தில் வேகம் கூடிவிடும்.

கட்டணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தொகைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு 40 சீட் பஸ், நாளைக்கு 60 கிலோமீட்டர், வருடத்துக்கு 210 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,600 கிலோமீட்டர். நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று எடுத்தால் 2,520 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் சுமார் 2 லட்சத்து 32 ஆயிரம். டிரைவருக்கு மாதம் 18,000 வீதம் 12 மாதத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். ஆயாவுக்கு மாதம் 9,000 வீதம் 1 லட்சத்து 8 ஆயிரம். இன்சூரன்ஸ், வரி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) ஒரு லட்சம். டயர், சர்வீஸ், உதிரிபாகம் ஒரு லட்சம். வண்டி 25 லட்சம் என்றால், 12 வருடத்தில் அடுத்த வண்டி வாங்க வருடத்துக்கு 2 லட்சத்து 8 ஆயிரம் ஒதுக்க வேண்டும். கூட்டினால் 9 லட்சத்து 64 ஆயிரம். இதில் கடன் வட்டி சேரவில்லை.

40 சீட்டும் நிரம்பினால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குச் சுமார் 24,100. 28 பேர்தான் வந்தால் 34,400. எல்லோரும் டீசல் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் மொத்தச் செலவில் டீசல் கால்பங்குகூட இல்லை. கட்டணத்தை ஏற்றுவதும் இறக்குவதும் காலி சீட்தான். சீட் நிரப்புகிறேன் என்று ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையைத் தாண்டவும் கூடாது. "சின்னப் பிள்ளைகள்தானே, மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்கு பேர்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். தூரத்தை வைத்து மூன்று படிகளில் கட்டணம் வையுங்கள், 5 கிலோமீட்டர் வரை, 10 வரை, அதற்கு மேல். சாயங்காலம் மட்டும் வரும் பிள்ளைக்கு அரைக் கட்டணம் வைத்தால் நஷ்டம்தான் வரும், ஏனென்றால் அந்த சீட்டைக் காலையில் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. முக்கால் பங்கு வாங்குங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பெற்றோர் புரிந்துகொள்வார்கள்.

சொந்தமா, காண்ட்ராக்டா? என் அபிப்பிராயம், முதல் வருடம் தூரத்து ரூட்டுகளுக்குச் சொந்த வண்டி மூன்று, மீதிக்கு ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் எண்ணிக்கை நிலைத்ததும் எல்லாவற்றையும் சொந்தமாக்கிக்கொள்ளலாம். காண்ட்ராக்ட் விட்டால் பொறுப்பும் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் பக்கத்தில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த வண்டி எஃப்சி வாங்கிய வண்டி. ஒப்பந்தக்காரருடைய வண்டியாக இருந்தும் பள்ளி நிர்வாகம் வழக்கிலிருந்து தள்ளி நிற்க முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று 2012-இல் தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், கட்டாய உதவியாளர் எல்லாம் அதில் வருகின்றன. பள்ளி அளவில் ஒரு போக்குவரத்துக் குழு வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் ஆயுதப்படை மைதானத்தில் எல்லாப் பள்ளி வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி ஆய்வு நடக்குமே, அதுவும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். அந்த ஆய்வுக்கு டிரைவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் எதைத் தட்டிப் பார்க்கிறார், எந்த மரப்பலகையை மிதித்துப் பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால், அடுத்த மாதம் முதல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். வண்டி எண்ணும் டிரைவர் பெயரும் குறிப்பிட்டிருக்க வேண்டும், மாற்றினால் முந்தைய நாளே தெரிவிக்க வேண்டும். ஆர்சி, எஃப்சி, பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று நகல்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும், காலாவதி தேதிகள் ஒரே தாளில் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஆயா உங்கள் பள்ளி ஊழியராக இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரரின் ஆளாக அல்ல. நடைக்கு இவ்வளவு என்று பணம் பேசாதீர்கள், மாதத்துக்குப் பேசுங்கள். லேட்டுக்கு அபராதம் என்ற ஒரு வரியை எந்த ஒப்பந்தத்திலும் வைக்காதீர்கள். பத்து நிமிடம் தாமதமானால் 500 ரூபாய் பிடிப்போம் என்று எழுதினால், அந்த 500 ரூபாயை டிரைவர் ரோட்டில்தான் மீட்டுக்கொள்வார். சொந்த டிரைவருக்கும் இதேதான். தாமதம் தொடர்ந்து நடந்தால் கிளம்பும் நேரத்தை முன்னதாக வையுங்கள்.

சொந்த வண்டி வாங்கினால் கல்வி நிறுவனப் பேருந்து என்ற வகையில் பர்மிட் வரும். வரியில் சலுகை உண்டு. பதிலுக்கு, அந்த வண்டி பள்ளி வேலைக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஊரில் வேண்டிய பெரியவர் கேட்டால் மறுப்பது கஷ்டம்தான், தெரியும். ஆனால் அன்றைக்கு ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

டிரைவரைத் தேர்ந்தெடுப்பதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு என்றால் லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஹெவி லைசென்ஸும் பல வருட அனுபவமும் இருக்கும். ஆனால் லாரி ஓட்டிய கைக்கு ஏழரை மணிப் பள்ளி வண்டியின் நிதானம் உடனே வராது. முதல் இரண்டு வாரம் பக்கத்தில் ஒரு மூத்த டிரைவரை உட்கார வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேளுங்கள்: "ராத்திரி வேறு வண்டி ஓட்டுகிறீர்களா?" பத்து மாதச் சம்பளம் மட்டும் கொடுத்து, அதையும் குறைத்துக் கொடுத்தால், குடும்பம் ஓட்ட அவர் ராத்திரி ஆம்னி பஸ்ஸோ லோடு வண்டியோ ஓட்டத்தான் செய்வார். காலையில் உங்கள் 40 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண் சொக்குவார். மே மாதத்துக்கும் சேர்த்து 12 மாதச் சம்பளம் கொடுங்கள். பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை அவர்கள் படுக்க ஃபேன் போட்ட ஒரு அறை கொடுங்கள். பள்ளியில் தோட்ட வேலை, சாமான் ஏற்றும் வேலை என்று அந்த நேரத்தில் இழுக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை, தினமும் காலையில் மூச்சுப் பரிசோதனை. ஓட்டும்போது போன் அவர் பையில் இருக்கக் கூடாது. ஆயாவிடம் இருக்கட்டும், அழைப்பு வந்தால் அவர் எடுத்துப் பேசட்டும்.

ஆயா என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். முழு ஏற்பாட்டிலும் முக்கியமான ஆள் அவர்தான் என்பது என் முடிவு. சரியாக வேலை தெரிந்த ஒருவர் ஒரு நிறுத்தத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வண்டி நின்றதும் முதலில் அவர் இறங்குகிறார். பின்னால் பைக் எதுவும் இடது பக்கமாக நுழைந்து வருகிறதா என்று பார்க்கிறார். பிறகு பையை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் பிடித்து இறக்குகிறார். காத்திருக்கும் பாட்டியின் முகம் தெரிந்த முகம்தானா என்று பார்த்து ஒப்படைக்கிறார். நோட்டில் டிக் அடிக்கிறார். பாட்டியும் குழந்தையும் வண்டியை விட்டு நாலடி தள்ளிப் போகும்வரை அங்கேயே நிற்கிறார். வண்டிக்கு முன்பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஏறி, கதவைச் சாத்தி, பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி "ரைட்" என்கிறார். அதுவரை டிரைவர் ஹேண்ட்பிரேக்கிலிருந்து கை எடுப்பதில்லை. முழுதாக ஒன்றரை நிமிடம். நிறுத்தத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று மேலே எழுதினேனே, அந்தக் கணக்கு இதற்குத்தான்.

முன்பக்கம் எட்டிப் பார்ப்பது ஏன் என்று தெரிய வேண்டுமானால், நின்றிருக்கும் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் ஒரு முறை நீங்களே ஏறி உட்காருங்கள். இன்ஜின் அணைத்திருக்கட்டும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். எல்.கே.ஜி. பிள்ளை உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் பம்பருக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்புச் சிறுவன் வேனில் அடிபட்டு இறந்த பிறகு, பள்ளி வண்டிகளுக்கு முன்னும் பின்னும் கேமராவையும், கூடவே எச்சரிக்கை சென்சாரையும் கட்டாயமாக்கி விதிகளைத் திருத்தினார்கள். கேமரா வேண்டும். ஆனாலும் இறங்கி எட்டிப் பார்க்கும் ஆயாவும் வேண்டும்.

வளாகத்துக்குள் வண்டிகள் ஒரு கேட்டில் நுழைந்து இன்னொரு கேட்டில் வெளியேறட்டும். இரண்டு கேட் இல்லையென்றால் மைதானத்தைச் சுற்றித் திரும்பட்டும், ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. எல்லா வண்டியும் நின்று இன்ஜின் அணைந்த பிறகே பிள்ளைகள் இறங்க வேண்டும், பிள்ளைகள் நடக்கும் இடத்தைப் பிரிக்க ஒரு கயிறு கட்டி, கடைசிப் பிள்ளை அதற்கு அந்தப் பக்கம் போன பிறகே முதல் வண்டி நகர வேண்டும். நடை முடிந்ததும் ஆயா கடைசி சீட் வரை நடந்துபோய், சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு வர வேண்டும். தூங்கிப்போன பிள்ளை வண்டிக்குள்ளேயே பூட்டப்படுவது எங்கோ நடக்கும் விஷயம் இல்லை, வெயில் காலத்தில் அது உயிருக்கே ஆபத்து.

ஆயாவை எந்த ஊரிலிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ரூட்டில் சாயங்காலம் கடைசி நிறுத்தம் எதுவோ, அந்த ஊர்க்காரரை எடுங்கள். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு அவர் இறங்குவார். சாயங்காலம் எந்தப் பிள்ளையும், முக்கியமாகப் பெண் பிள்ளை எதுவும், டிரைவருடன் தனியாக இருக்கும் ஒரு நிமிடம்கூட வராது. ஆயா வேறு ஊர்க்காரராக இருந்தால், "இன்னும் ஒரே பிள்ளைதானே, நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு நாள் சொல்வார். அந்த நிலையை வரவிடாதீர்கள். டிரைவரும் அதே பக்கத்துக்காரராக இருந்தால் வண்டியை ராத்திரி அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், வந்த வழியே திரும்பும் ரூட்டாக இருந்தால் காலையில் காலி வண்டி ஓடும் தூரம் மிச்சமாகும். ஆனால் டீசல் அளவையும் கிலோமீட்டரையும் தினமும் எழுதி வையுங்கள், நிறுத்துமிடம் வெளிச்சமாக இருக்கட்டும்.

ஜி.பி.எஸ். போடுங்கள், பெற்றோருக்கு ஆப் கொடுங்கள், நல்லதுதான். வண்டி எங்கே என்று அலுவலகத்துக்கு வரும் போன்கள் பாதியாகக் குறையும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

பதினைந்து வண்டி வைத்திருக்கும் பள்ளிக்கு மாற்று வண்டி சொந்தமாக இருக்கும். உங்களுக்கு இருக்காது. பஞ்சரானால், பிரேக் டவுன் ஆனால் யார் வண்டியை அனுப்புவது என்று பக்கத்துப் பள்ளியோடு இப்போதே பேசி வையுங்கள். டிரைவர் லீவு போட்டால் ஓட்ட லைசென்ஸும் ரூட்டும் தெரிந்த ஒரு மாற்று டிரைவர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலெக்டர் காலை ஏழு மணிக்கு லீவு அறிவிப்பார், உங்கள் முதல் வண்டி ஆறரைக்குக் கிளம்பியிருக்கும். அப்போது யார் எந்த ஆயாவுக்கு போன் செய்வது, ஏற்கெனவே ஏறிய பிள்ளைகளை எந்த வரிசையில் திரும்ப விடுவது, வீட்டில் ஆள் இல்லாத பிள்ளையை யார் பள்ளியில் வைத்துக்கொள்வது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டிவிடுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கான வண்டியையும் ஜூனிலேயே கணக்கில் சேருங்கள். நவம்பரில் யோசித்தால் ஆறரை மணி இருட்டில் அவர்கள் டவுன் பஸ்ஸுக்குத்தான் நிற்பார்கள்.

மே கடைசி வாரத்தில் எல்லா ரூட்டையும் காலி வண்டியில் ஓட்டிப் பாருங்கள். காலை நேரத்திலேயே ஓட்டுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றரை நிமிடம் நிறுத்தி ஓட்டுங்கள். வரும் நேரத்தோடு பத்து நிமிடம் சேர்த்துப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். முதல் வாரம் குழந்தைகள் அழும், பெற்றோர் ஏறி உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள், எல்லாம் தாமதமாகும். பத்து நாளில் சரியாகிவிடும். முதல் சனிக்கிழமை பிள்ளைகளை வைத்து அவசரக் கதவு வழியாக இறங்கிப் பழக்குங்கள். அந்தக் கதவுக்கு முன்னால் புத்தகப் பைகளை அடுக்கும் பழக்கம் எல்லா வண்டியிலும் வந்துவிடும், அன்றைக்கே அதை நிறுத்திவிடலாம்.

படிவங்கள் வந்து மேப்பில் புள்ளி வைத்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள் ஐயா. பிள்ளைகளின் பெயர், போன் நம்பரெல்லாம் வேண்டாம், புள்ளிகள் மட்டும் போதும். ராசிபுரம் ரோட்டுக் கொத்துக்கு வளையம் போட முடியுமா, எந்தக் குறுக்குச் சாலையில் 40 சீட் வண்டி திரும்பும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.